நீராவியோடு கரைப்பான்: கன எண்ணெய் எடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்து எண்ணெய் மணலை வைத்து எழுதப்பட்டது. கரைப்பான் கலந்த நீராவி முறை பெரும்பாலும் அங்கேதான் வளர்ந்தது. அங்குள்ள நிறுவனங்கள் தங்கள் திட்டக் கணக்கை ஆல்பர்ட்டா எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும். அதனால் விளம்பரத்தில் சொன்னதும் களத்தில் நடந்ததும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க முடிகிறது. பள்ளி வேதியியல் ஞாபகம் இருந்தால் போதும், மற்றதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கன எண்ணெயை மற்ற எண்ணெய் மாதிரி பம்ப் வைத்து இறைக்க முடியாதா?

முடியாது. அது ஓடினால்தானே இறைக்க! அதபாஸ்கா பகுதியில் மணலோடு ஒட்டிக் கிடப்பது பிட்டுமின், தார் மாதிரியான கன எண்ணெய். நிலத்தடியில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் குளிரில் அதன் பாகுத்தன்மை 10 லட்சம் சென்டிபாய்ஸைத் தாண்டும். தண்ணீருக்கு அது வெறும் 1. தெற்கே கோல்ட் லேக் பக்கம் நிலைமை கொஞ்சம் தேவலை, ஒரு லட்சம் சென்டிபாய்ஸ் அளவில் இருக்கும். அதுவும் கிணற்றுக்குத் தானாக வந்து சேராது.

ஆனால் அதே பிட்டுமினை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் பாகுத்தன்மை 10 சென்டிபாய்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். ஒரு லட்சம் மடங்கு சரிவு. இந்தத் தொழிலே அந்தச் சரிவை நம்பித்தான் நடக்கிறது.

மணலையே தோண்டி எடுத்துக் கழுவினால்?

அதையும் செய்கிறார்கள். ஃபோர்ட் மெக்மரிக்கு வடக்கே இருக்கும் ராட்சதச் சுரங்கங்கள் அதற்குத்தான். ஆனால் மேல்மண் சுமார் 75 மீட்டருக்குள் இருந்தால்தான் தோண்டுவது கட்டுப்படியாகும். ஆல்பர்ட்டா இருப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் அந்த ஆழத்துக்குள் வருகிறது. மீதியைக் கிணறு வழியாகத்தான் எடுத்தாக வேண்டும்.

நீராவியை எப்படி உள்ளே விடுகிறார்கள்?

இரண்டு வழி. பழையது சுழற்சி முறை: ஒரே கிணற்றில் சில வாரங்கள் நீராவியைச் செலுத்து, கொஞ்ச நாள் ஊறவிடு, அப்புறம் அதே கிணற்றிலிருந்து எண்ணெயை எடு, வரத்து குறைந்ததும் மறுபடி நீராவி. 1959-ல் வெனிசுவேலாவில் ஷெல் நிறுவனம் வேறொரு சோதனை செய்துகொண்டிருந்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்ட வழி இது. இம்பீரியல் ஆயில் நிறுவனம் 1985-லிருந்து கோல்ட் லேக்கில் இதை வணிக அளவில் செய்துவருகிறது.

இரண்டாவது, சாக்-டி. நீராவியும் புவியீர்ப்பும் சேர்ந்து வேலை செய்யும் முறை. எண்ணெய் மணல் அடுக்கின் (இதைப் படிவம் என்பார்கள்) அடிப்பகுதியில் இரண்டு கிடைக்கிணறுகள், ஒன்றின் மேல் ஒன்று, இடையே சுமார் 5 மீட்டர், நீளம் 700 மீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை. மேல் கிணற்றில் நீராவி போகிறது. அது மேலே ஏறி மணலுக்குள் ஓர் அறை மாதிரி விரிகிறது. அறையின் விளிம்பில் நீராவி குளிர்ந்து, பக்கத்து பிட்டுமினுக்கு வெப்பத்தைக் கொடுத்துத் தண்ணீராகிறது. சூடான பிட்டுமினும் அந்தத் தண்ணீரும் சுவரோரமாக வழிந்து கீழ்க்கிணற்றில் சேர்கின்றன.

இதை யோசித்தவர் இம்பீரியல் ஆயிலில் பொறியாளராக இருந்த ரோஜர் பட்லர், 1969 வாக்கில். அது கள அளவில் நிரூபணமானது 1987-லிருந்து, ஆல்பர்ட்டா அரசின் ஆய்வு அமைப்பான ஆஸ்ட்ரா கட்டிய நிலத்தடிச் சோதனைக்கூடத்தில். இன்று மாதிரி மேலிருந்து வளைத்துக் கிடைக்கிணறு போடுவது அப்போது சுலபமில்லை. அதனால் எண்ணெய் மணலுக்கும் கீழே இருந்த சுண்ணாம்புப் பாறையில் சுரங்கப்பாதை வெட்டி, அங்கிருந்து மேல்நோக்கித் துளையிட்டார்கள். பொதுப்பணத்தில் அப்படி ஒரு துணிச்சல் வேலை நடக்காமல் இருந்திருந்தால் சாக்-டி இன்னும் பல வருஷம் காகிதத்திலேயே கிடந்திருக்கும் என்பது என் கருத்து. முதல் வணிகத் திட்டம் ஃபாஸ்டர் கிரீக், 2001.

நீராவிதான் வேலை செய்கிறதே, அப்புறம் எதற்குக் கரைப்பான்?

நீராவிக்கு ஆகும் செலவுதான் காரணம். ஒரு பீப்பாய் பிட்டுமினுக்கு எத்தனை பீப்பாய் தண்ணீரை நீராவியாக்க வேண்டியிருக்கிறது என்பதை நீராவி–எண்ணெய் விகிதம் என்பார்கள். நல்ல படிவத்தில் 2 அல்லது 2.5, சுமாரான இடத்தில் 3, 4.

விகிதம் 3 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பீப்பாய் 159 லிட்டர், மூன்று பீப்பாய் தண்ணீர் சுமார் 477 கிலோ. கிலோவுக்கு ஏறக்குறைய 2400 கிலோஜூல் கொடுத்தால் அது நீராவியாகும். ஆக 1.15 கிகாஜூல். கொதிகலன் 85 சதவீதத் திறனில் ஓடினால், எரிக்க வேண்டிய இயற்கை எரிவாயு 1.35 கிகாஜூல். ஒரு பீப்பாய் பிட்டுமினில் அடங்கியிருக்கும் ஆற்றலே சுமார் 6.4 கிகாஜூல்தான். அதாவது ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலை எரித்துத்தான் அந்த பீப்பாயை வெளியே கொண்டுவருகிறோம். கூடவே பீப்பாய்க்கு 65, 70 கிலோ கார்பன் டை ஆக்சைடு.

அவ்வளவு வெப்பமும் எண்ணெய்க்கா போகிறது என்றால், அதுவும் இல்லை. பெரும்பங்கு மணலையும் மேலே மூடியிருக்கும் பாறையையும் சூடாக்குவதில் போய்விடுகிறது. நமக்கு அந்தப் பாறையால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. எண்ணெயைக் குறைந்த சூட்டிலேயே இளக்க முடிந்தால் பாறைக்குத் தண்டமாகும் வெப்பமும் குறையும். கரைப்பானின் வேலை அதுதான்.

உள்ளே போன கரைப்பான் என்ன செய்கிறது?

பியூட்டேன், ஹெக்ஸேன் போன்ற லேசான ஹைட்ரோகார்பனை நீராவியோடு ஆவியாகவே கலந்து அனுப்புகிறார்கள். இரண்டும் சேர்ந்தே அறையின் விளிம்புக்குப் போகின்றன. அங்கே நீராவி முதலில் குளிர்ந்து தண்ணீராக, மிச்சமிருக்கும் ஆவியில் கரைப்பானின் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. விளிம்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில் கரைப்பானும் திரவமாகி பிட்டுமினில் கரைகிறது. பிட்டுமின் இப்போது இரண்டு காரணங்களால் இளகுகிறது: ஒன்று சூடு, இன்னொன்று கலப்பு. நீராவி மட்டும் இருந்தால் சூடு ஒன்றுதான்.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. நீரும் ஹெக்ஸேனும் ஒன்றோடொன்று கலக்காத திரவங்கள். சாதாரணக் காற்றழுத்தத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும், ஹெக்ஸேன் 69 டிகிரியில். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் வைத்தால் 69-க்கும் 100-க்கும் நடுவில் எங்கோ கொதிக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் 61.6 டிகிரியிலேயே கொதித்துவிடும். இரண்டின் ஆவியழுத்தமும் கூடிக்கொள்வதுதான் காரணம். இதே கணக்கு நிலத்தடியிலும் நடக்கிறது. கரைப்பான் சேரச்சேர விளிம்பின் வெப்பநிலை, சுத்த நீராவிக்கு இருக்க வேண்டிய அளவைவிட இறங்குகிறது.

இதில் நல்லது கெட்டது இரண்டும் உண்டு. பாறைக்குப் போகும் வெப்பம் குறைவது நல்லது. விளிம்பு குளிர்ந்துபோனால் பிட்டுமின் கெட்டியாகும், அது கெட்டது. கரைந்த கரைப்பானால் வரும் இளக்கம், குளிர்வதால் வரும் கெட்டித்தன்மையை வென்றால்தான் லாபம். எந்தக் கரைப்பான், எவ்வளவு என்ற கேள்விகள் எல்லாம் கடைசியில் இந்த இழுபறியில்தான் வந்து நிற்கின்றன.

அப்படியானால் எது நல்ல கரைப்பான்?

ஒரே பதில் கிடையாது. அறையின் அழுத்தம் 2 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். அந்த அழுத்தத்தில் நீராவி 212 டிகிரியில் திரவமாகும். தனியாக எடுத்துப் பார்த்தால் புரொப்பேன் சுமார் 57, பியூட்டேன் 114, பென்டேன் 163, ஹெக்ஸேன் 206 டிகிரி. ஹெக்ஸேனும் நீராவியும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் திரவமாகின்றன, பாருங்கள். ஆல்பர்ட்டா ஆராய்ச்சி மன்றத்தில் நாசரும் ஐசக்ஸும் செய்த சோதனைகளில் ஹெக்ஸேன் முன்னுக்கு வந்ததற்கு அவர்கள் சொன்ன விளக்கமும் இதுவே: நீராவி திரவமாகும் இடத்திலேயே கரைப்பானும் திரவமாக வேண்டும், அப்போதுதான் சூடும் கலப்பும் ஒரே இடத்தில் சேரும். அந்த முறைக்கு விரியும் கரைப்பான் சாக்-டி என்று பெயர் வைத்தார்கள்.

இதைக் கேட்டதும் ஹெக்ஸேனே வாங்கிவிடலாம் என்று தோன்றும். விலையைப் பார்த்தால் ஆசை அடங்கிவிடும். சுத்த ஹெக்ஸேனைத் தினமும் லாரி லாரியாகக் கொண்டுவந்து நிலத்துக்குள் ஊற்ற யாருக்கும் கட்டுப்படியாகாது. களத்தில் இரண்டுதான் நடைமுறைக்கு வந்தன: பியூட்டேன், அல்லது இயற்கை எரிவாயுவோடு கிடைக்கும் கண்டன்சேட். கண்டன்சேட் என்பது பென்டேனும் அதற்கு மேற்பட்ட கனமான மூலக்கூறுகளும் சேர்ந்த கலவை. ஆய்வகத்துக்கு அது அசிங்கமான சரக்கு, ஆனால் களத்துக்குக் குழாய் வழியாக ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் சரக்கு.

புரொப்பேன் மலிவு. ஆனால் நீராவியோடு சேர்த்தால் அது திரவமாகாமல் அறையின் மேற்பகுதியில் வாயுவாகவே தங்கிவிடப் பார்க்கும். புரொப்பேனுக்கு வேறு வகைத் திட்டங்களில் மதிப்பு அதிகம்.

எவ்வளவு கலக்கிறார்கள்?

நீராவியே பிரதானமாக இருந்து கரைப்பான் துணைக்குப் போகும் திட்டங்களில் கன அளவில் சில சதவீதத்திலிருந்து 20 சதவீதம் வரை. கோல்ட் லேக்கின் சுழற்சிக் கிணறுகளில் இம்பீரியல் செய்த லேசர் முறையில் (நீராவியோடு திரவக் கரைப்பான் சேர்க்கும் முறையின் ஆங்கிலச் சுருக்கப் பெயர், ஒளிக்கற்றை அல்ல) சுமார் 6 சதவீதம். கரைப்பானே பிரதானமாகி, நீராவி வெறும் சூட்டுக்காகச் சேரும் திட்டங்களும் உண்டு. அது கிட்டத்தட்ட வேறு தொழில்நுட்பம்.

கூடக்கூட நல்லது என்று நினைக்க வேண்டாம். ஓர் அளவுக்கு மேல் விளிம்பு குளிர்ந்துபோகும், நிலத்துக்குள் மாட்டிக்கொள்ளும் கரைப்பானும் கூடும்.

நீராவியே வேண்டாம், கரைப்பான் மட்டும் போதும் என்று யாரும் முயலவில்லையா?

முயன்றார்கள், அதுவும் பட்லரே. 1990-ஐ ஒட்டி மோக்ரிஸ் என்பவரோடு சேர்ந்து வேப்பெக்ஸ் என்ற முறையை முன்வைத்தார். சாக்-டி மாதிரியே இரண்டு கிணறு, நீராவிக்குப் பதில் குளிர்ந்த புரொப்பேன் அல்லது பியூட்டேன் ஆவி. தண்ணீர் வேண்டாம், கொதிகலன் வேண்டாம். கேட்கவே இனிக்கும். ஆனால் வேகம் கிடையாது. வெப்பம் பாறைக்குள் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் கரைப்பான் பிட்டுமினுக்குள் ஊடுருவும் வேகம் மிகமிகக் குறைவு. ஆய்வகத்தில் கிடைத்ததைக் களத்தில் அப்படியே யாராலும் எடுக்க முடியவில்லை.

அடுத்து, சூடாக்கிய கரைப்பான். என்சால்வ் என்ற கனடிய நிறுவனம் 2014-ல் சூடான பியூட்டேனை வைத்து ஒரு முன்னோட்ட ஆலையை ஓட்டியது. இடம், மேலே சொன்ன அதே நிலத்தடிச் சோதனைக்கூடம் இருந்த டோவர் நிலம். எண்ணெய் வந்தது, தரமும் நன்றாக இருந்தது. ஆனால் எண்ணெய் விலை விழுந்திருந்த நேரம், பெரிய திட்டமாக அது வளரவில்லை. இதில் ஒரு பௌதிகச் சிக்கலும் இருக்கிறது. ஒரு கிலோ நீராவி திரவமாகும்போது 2 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் ஏறக்குறைய 1900 கிலோஜூல் வெப்பத்தை விடும். பியூட்டேன் தன் சாதாரணக் கொதிநிலையில்கூட 400 கிலோஜூலை எட்டாது, அழுத்தம் ஏற ஏற அது இன்னும் குறையும். அதனால் அதே வெப்பத்தைக் கொண்டுபோக ஐந்து மடங்கு, அதற்கும் மேலே, கரைப்பான் சுழல வேண்டும். அவ்வளவையும் வாங்கி, சுத்தப்படுத்தி, திரும்ப அனுப்ப வேண்டும்.

நீராவியோடு கலப்பது ஒரு சமரசம்தான். ஆனால் வேலைக்கு ஆகிற சமரசம்.

அனுப்பிய கரைப்பான் திரும்ப வருமா?

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது. மாநாட்டு உரைகளில் எண்ணெய் வரத்து எவ்வளவு ஏறியது, நீராவி எவ்வளவு குறைந்தது என்றுதான் முதல் படத்தில் போடுவார்கள். நான் முதலில் தேடுவது கரைப்பான் மீட்பு எவ்வளவு என்ற ஒரே எண்ணை.

கரைப்பான் என்பது நிலத்துக்குக் கொடுக்கும் கைமாற்று. திரும்பி வந்தால் லாபம், வராவிட்டால் மற்ற எல்லாக் கணக்கும் வீண். ஒரு பீப்பாய் கண்டன்சேட்டின் விலை, எடுக்கிற ஒரு பீப்பாய் பிட்டுமினைவிட அதிகமாகவே இருக்கும். நூறு பீப்பாய் அனுப்பி எழுபது திரும்பி வந்தது, அதனால் கூடுதலாக முப்பது பீப்பாய் பிட்டுமின் கிடைத்தது என்றால் நீங்கள் நஷ்டத்தில் இருக்கிறீர்கள். நீராவி மிச்சமானதுதான் உங்களைக் காப்பாற்ற வேண்டும்.

எங்கே மாட்டிக்கொள்கிறது? மூன்று இடம். அறைக்குள் ஆவியாகச் சுற்றிக்கொண்டிருக்கும் பங்கு ஒன்று. அது கடைசியில் கிடைத்துவிடும், பொறுமைதான் வேண்டும். மணலில் மிஞ்சிய எண்ணெயில் கரைந்து நிற்பது இன்னொன்று, பாதி கிடைக்கும். மூன்றாவது, மேலே இருக்கும் வாயு அடுக்குக்கோ பக்கத்து நீர் அடுக்குக்கோ கசிந்துபோவது. அது போனது போனதுதான். அதனால் மேலே வாயு அடுக்கு, பக்கத்தில் நீர் அடுக்கு என்று இருக்கும் படிவத்தில் கரைப்பான் திட்டத்தை யாராவது முன்மொழிந்தால் இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

திரும்பி வந்ததை எப்படி அளக்கிறார்கள்? அது எண்ணெயோடு கலந்துதானே வரும்?

கஷ்டமான வேலைதான், ஆலையில் இருப்பவர்களின் உயிரை வாங்கும் வேலை. கரைப்பானில் ஒரு பகுதி எண்ணெயில் கரைந்து வரும், ஒரு பகுதி வாயுக்குழாயில் வரும். மாதிரியைத் திறந்த பாட்டிலில் பிடித்தால் ஆய்வகத்துக்குப் போவதற்குள் பியூட்டேன் பறந்துவிடும். அழுத்தம் தாங்கும் உருளையில்தான் பிடிக்க வேண்டும்.

பியூட்டேன் என்றால் ஒரு சௌகரியம்: பிட்டுமினில் இயல்பாகவே பியூட்டேன் மிகக் குறைவு, வந்ததெல்லாம் நாம் அனுப்பியது என்று ஏறக்குறைய நம்பலாம். கண்டன்சேட்டில் அந்த வசதி இல்லை. பிட்டுமினின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்திக்கு மிக அருகில் இருப்பதால், மேலே பிரிகலனில் எண்ணெயையும் நீரையும் பிரிக்க டைல்யூவன்ட் என்று அதே சரக்கையே ஊற்றுவார்கள். பிரிகலனுக்கு முன்னால் மாதிரி எடுக்காவிட்டால் எது கிணற்றிலிருந்து வந்தது, எது நாம் ஊற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது.

டைல்யூவன்ட் எப்படியும் வாங்குகிறார்கள் என்றால், அதையே நிலத்துக்குள் அனுப்பினால் என்ன?

கண்டன்சேட்டின் பலமே அங்கேதான் இருக்கிறது. பிட்டுமின் தனியாகக் குழாயில் ஓடாது; சுமார் 30 சதவீதம் டைல்யூவன்ட் கலந்துதான் விற்பனைக்கு அனுப்புகிறார்கள். எப்படியும் வாங்கப்போகும் சரக்கை நேராக எண்ணெயில் கலக்காமல், நிலத்தடி வழியாக ஒரு சுற்று அனுப்பி எடுத்துக்கொள்வதுதான் இந்த முறை. திரும்பி வந்த கரைப்பானைப் பிரித்துச் சுத்தப்படுத்தத் தனி ஆலை வேண்டாம், எண்ணெயோடேயே விற்பனைக்குப் போய்விடும். பியூட்டேனுக்கு இந்த வசதி கொஞ்சம்தான். குழாய் நிறுவனங்கள் ஆவியழுத்தத்துக்கு வரம்பு வைத்திருக்கின்றன, அதிகம் கலக்க விடமாட்டார்கள்.

களத்தில் இதுவரை என்ன நடந்திருக்கிறது?

என்கானா நிறுவனம் 2002-ல் சஸ்காச்செவான் மாகாணத்தின் செனலாக்கில் நீராவியோடு பியூட்டேன் கலந்து பார்த்தது. எண்ணெய் வரத்து கூடியது, நீராவி விகிதம் குறைந்தது. ஆனால் செனலாக்கின் எண்ணெய் அதபாஸ்கா பிட்டுமினைவிட வெகுவாக இளகியது என்பதை மறக்கக்கூடாது. 2004-ல் ஆல்பர்ட்டாவின் கிறிஸ்டினா லேக்கில் அதே சோதனையைச் செய்தார்கள். அங்கும் நம்பிக்கை தரும் முடிவுதான்.

இம்பீரியல் தன் லேசர் முறையை 2002-ல் கோல்ட் லேக்கில் தொடங்கி, 2007-ல் நிறையக் கிணறுகளுக்கு விரித்தது. ஏற்கெனவே பல சுழற்சி முடிந்து களைத்துப்போன கிணறுகளுக்கு அது நல்ல மருந்தாக இருந்தது. 2010-லிருந்து அதே வட்டாரத்தில் சாக்-டியோடு கரைப்பான் சேர்க்கும் முன்னோட்டத்தையும் ஓட்டியது.

அப்புறம் ஏன் உடனே எல்லோரும் மாறவில்லை? பணம். 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்த எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது. கரைப்பானை மனதில் வைத்துத் திட்டமிட்ட நேரோஸ் லேக் என்ற திட்டம் அந்தச் சரிவில் தள்ளிப்போனது. 2018 கடைசியில் இம்பீரியல், நாளைக்கு 75,000 பீப்பாய் அளவில், ஆஸ்பென் என்ற கரைப்பான் திட்டத்துக்குப் பச்சைக்கொடி காட்டியது. சில மாதத்துக்குள் ஆல்பர்ட்டா அரசின் உற்பத்திக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி அதையும் நிறுத்திவைத்தது.

கடைசியில் 2024-ல் இம்பீரியலின் கிராண்ட் ரேபிட்ஸ் முதல் கட்டம் உற்பத்தியைத் தொடங்கியது. நாளைக்கு 15,000 பீப்பாய் இலக்கு. கரைப்பான் துணையோடு நடக்கும் சாக்-டியின் முதல் வணிகத் திட்டம் இது என்று அந்த நிறுவனம் சொல்கிறது. செனலாக் சோதனையிலிருந்து எண்ணினால் 22 வருஷம். புதுத் திட்டமாகத் தொடங்கினால் கரைப்பானுக்கு ஏற்ற ஆலையை முதலிலேயே கட்டலாம். ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் நடுவழியில் நுழைப்பதுதான் பெரும் தலைவலி.

சிமுலேஷனில் 50 சதவீத முன்னேற்றம் காட்டுகிறார்களே, களத்தில் அவ்வளவு வருமா?

வந்தால் சந்தோஷம். கணினி மாதிரியில் மணல் ஒரே சீராக இருக்கும், கரைப்பான் சொன்ன இடத்தில் போய்க் கலக்கும். அதபாஸ்காவின் பிட்டுமின் இருக்கும் நிஜமான மெக்மரி படிவத்தில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய களிமண் அடுக்குகள். அவை ஆவியை மேலே விடாமல் தடுக்கும், வழிந்து வரும் எண்ணெயைத் தேக்கும். இன்னொரு வில்லங்கம், ஒப்பீடு. கரைப்பான் விட்ட கிணற்று ஜோடியின் வரத்து ஏறியது சரி. கரைப்பான் விடாமலே இருந்திருந்தால் அதே மாதத்தில் எவ்வளவு வந்திருக்கும்? அறை வளரும் காலத்தில் வரத்து தானாகவே ஏறும். பக்கத்து ஜோடியோடு ஒப்பிட்டால், பக்கத்து மணல் வேறு மாதிரி இருக்கும். அதனால் ஒரே ஒரு ஜோடியில், ஒரு வருஷத்துக்குள் முடித்த சோதனையை வைத்துச் சதவீதம் சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

கிணற்றை ஓட்டுபவர்களுக்கு இதில் என்ன மாறுகிறது?

நிறைய. சாக்-டியில் கீழ்க்கிணற்றுக்கு மேலே எப்போதும் கொஞ்சம் திரவம் தேங்கி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நீராவி நேராகக் கீழ்க்கிணற்றுக்குள் புகுந்து, குழாயின் சல்லடையை அரித்துவிடும், பம்பும் போய்விடும். திரவ மட்டத்தை நேரில் பார்க்க முடியாதே! அதனால் வெப்பநிலையை வைத்து ஊகிக்கிறார்கள். அந்த அழுத்தத்தில் நீராவி 212 டிகிரியில் திரவமாகும் என்றால், வெளியே வரும் திரவம் அதைவிடச் சில டிகிரி குறைவாக, 200 வாக்கில் இருக்கும்படி வால்வைத் திருகிவைப்பார்கள். இந்த வித்தியாசத்துக்குக் களத்தில் சப்கூல் என்று பெயர். சப்கூல் கூடினால் திரவம் தேங்குகிறது, வேகமாக எடுக்கலாம். குறைந்தால் நீராவி நெருங்குகிறது, வால்வைக் குறுக்கு.

கரைப்பான் வந்ததும் இந்த வாய்ப்பாடு பொய்யாகிவிடும். கலவை 212-ல் இல்லாமல், அதைவிடக் குறைந்த சூட்டிலேயே ஆவியாக இருக்கும். வெப்பமானி 190 காட்டுகிறது. நீராவி அட்டவணையைப் பார்ப்பவர், “நிறையத் திரவம் தேங்கியிருக்கிறது, தாராளமாக எடுக்கலாம்” என்று வால்வைத் திறக்கிறார். உண்மையில் கிணற்று வாயில் வரை கரைப்பான் ஆவி வந்து நிற்கிறது. திறந்ததும் அந்த ஆவி நேராகக் கிணற்றுக்குள் பாய்கிறது, பம்ப் வாயு அடைத்துத் திணறுகிறது, விலை கொடுத்து வாங்கிய கரைப்பான் விளிம்புக்குப் போகாமலே மேலே திரும்பிவிடுகிறது. அறிக்கையில் மட்டும் கரைப்பான் மீட்பு அருமையாகத் தெரியும்! மீட்பு எண்ணைத் தேடுகிறேன் என்று சொன்னேன். அதோடு எண்ணெய் வரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

கண்காணிப்புக் கிணறுகளிலும் இதே குழப்பம் வரும். அறை எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதை வெப்பநிலையை வைத்தே கணிப்பது வழக்கம். விளிம்பு குளிர்ந்திருந்தால் அறை வளரவே இல்லை என்று தோன்றும்.

அஸ்பால்டீன் படிந்து மணல் அடைத்துக்கொள்ளாதா?

பிட்டுமினின் மிகக் கனமான பகுதியை அஸ்பால்டீன் என்பார்கள். புரொப்பேன், பியூட்டேன் போன்ற லேசான கரைப்பான் அதிகமாகச் சேர்ந்தால் அது பிரிந்து மணலிலேயே தங்கும். ஒருவகையில் நல்லது, வெளியே வரும் எண்ணெய் இன்னும் இளகியதாக, தரமானதாக இருக்கும். துளைகள் அடைபட்டால் கெட்டது. நீராவியோடு குறைந்த அளவு கண்டன்சேட் கலக்கும் திட்டங்களில் இது பெரிய தொல்லையாக இருப்பதில்லை. கரைப்பானே பிரதானமான திட்டங்களில்தான் கவலைப்பட வேண்டும்.

நீராவி மேலே பீறிட்டு வந்த சம்பவம் நடந்ததாகச் சொல்கிறார்களே?

ஆமாம். 2006 மே 18 அன்று டோட்டல் நிறுவனத்தின் ஜாஸ்லின் கிரீக் திட்டத்தில் நீராவி மேல்பாறையை உடைத்துக்கொண்டு வெளியேறியது. அங்கே படிவம் ஆழம் குறைந்தது. கரைப்பானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு மேல்பாறை எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதில் ஒழுங்குமுறை ஆணையத்தின் பிடி இறுகியது. அழுத்தத்தைக் குறைத்தால் நீராவியின் சூடும் குறையும், வரத்தும் குறையும். அப்படிப்பட்ட ஆழமில்லாத இடங்களில் கரைப்பான் அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டக்கூடும்.

கரைப்பானுக்கே உரிய ஆபத்து மேலே, ஆலையில் இருக்கிறது. பியூட்டேன் எளிதில் தீப்பற்றும், காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். நீராவி மட்டுமே கையாண்டு பழகிய ஆலைக்கு இது புதுப் பழக்கம்.

சுற்றுச்சூழலுக்கு நிஜமாகவே நல்லதா?

நீராவி குறைந்தால் எரிக்கும் எரிவாயு குறையும், பீப்பாய்க்கு வெளியேறும் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீர்ச் சுத்திகரிப்பும் குறையும். இதில் சந்தேகமில்லை. தன் பழைய சுழற்சி முறையோடு ஒப்பிட்டால் கிராண்ட் ரேபிட்ஸில் உமிழ்வு பீப்பாய்க்கு 40 சதவீதம் வரை குறையும் என்று இம்பீரியல் சொல்கிறது. “வரை” என்ற சொல்லையும், “பீப்பாய்க்கு” என்ற சொல்லையும் கவனித்துப் படியுங்கள். பீப்பாய்க்குக் குறைந்து, பீப்பாய்களின் எண்ணிக்கை கூடினால் மொத்தம் குறையாது. எடுத்த எண்ணெயை வண்டியில் எரிக்கும்போது வரும் புகையும் இந்தக் கணக்கில் இல்லை. நிலத்துக்குள் தங்கிவிடும் கரைப்பானைத் தயாரிக்க ஆன ஆற்றலையும் சேர்த்துத்தான் நேர்மையான கணக்குப் போட வேண்டும்.

கரைப்பானுக்குப் பதில் மலிவான வாயு எதையாவது விட்டால்?

மீத்தேன் விடுகிறார்கள். அது திரவமாகாது, பிட்டுமினில் அதிகம் கரையாது. ஆனால் அறையின் மேற்புறத்தில் தங்கி, மேல்பாறைக்கு வெப்பம் போகாமல் தடுக்கும், அழுத்தத்தையும் தாங்கிப்பிடிக்கும். எம்இஜி நிறுவனம் கிறிஸ்டினா லேக்கில் வளர்ந்துவிட்ட கிணறுகளில் நீராவியைக் குறைத்து மீத்தேன் சேர்த்து, மிச்சமான நீராவியைப் புதுக் கிணறுகளுக்குத் திருப்பிவிட்டது. கரைப்பானுக்கு உண்மையான போட்டி இதுதான். விலை மலிவு, திரும்ப வராவிட்டாலும் பெரிதாக வலிக்காது. கரைப்பான் திட்டத்தை மதிப்பிடும்போது வெறும் நீராவியோடு ஒப்பிட்டுப் பயனில்லை, நீராவியும் மீத்தேனும் சேர்ந்த முறையோடுதான் ஒப்பிட வேண்டும்.

இந்தியாவில் இது உண்டா? காவிரிப் படுகையில்?

காவிரிப் படுகையில் இதற்கு வேலையில்லை. நரிமணம் மாதிரியான இடங்களில் கிடைப்பது தானாக ஓடும் எண்ணெய். இந்தியாவின் கன எண்ணெய் மேற்கே இருக்கிறது. குஜராத்தின் மெஹ்சானா வட்டாரத்தில் பலோல், சந்தால் வயல்களில் ஓஎன்ஜிசி, நிலத்தடியிலேயே எண்ணெயில் ஒரு பகுதியை எரித்து மீதியை இளக்கும் முறையை 1990-களிலிருந்து செய்துவருகிறது. ராஜஸ்தானின் பாகேவாலாவில் ஆயில் இந்தியா சுழற்சி நீராவி முறையைப் பயன்படுத்துகிறது.

கிணற்றின் ஆயுள் முடியும்போது உள்ளே மிஞ்சிய கரைப்பானை என்ன செய்வார்கள்?

கடைசி ஒன்றிரண்டு வருஷத்தில் கரைப்பான் விடுவதை முதலில் நிறுத்துவார்கள், நீராவி மட்டும் போகும். அறைக்குள் சூடு ஏறும், மணலில் கரைந்து நின்ற கரைப்பான் ஆவியாகிக் கீழ்க்கிணற்றுப் பக்கம் நகரும். அடுத்து நீராவியையும் நிறுத்தி, மீத்தேனை விட்டுக்கொண்டே அழுத்தத்தை மெல்ல இறக்குவார்கள். அழுத்தம் இறங்க இறங்க, சூடான மணலில் மிச்சமிருந்த கரைப்பான் இன்னும் கொஞ்சம் ஆவியாகி வெளியே வரும். கரைப்பானை எப்போது நிறுத்துவது என்பதை ஆரம்பத்திலேயே திட்டமிட்டுவைக்க வேண்டும். எண்ணெய் நன்றாக வந்துகொண்டிருக்கும்போது அதை நிறுத்த யாருக்கும் மனம் வராது. தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் கடைசியில் மீட்பதற்குப் போதிய நீராவியோ காலமோ இருக்காது.